கத்திரி விதை ரோஸ் கலரில் இருக்கிறதே, இது மரபணு மாற்றமா?

தாம்பரம் மாடி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு சுற்றிக்கொண்டே இருக்கிறது. பளபளவென்று வரும் கத்திரிக்காய், விதையில்லாத தர்பூசணி, ஸ்வீட் கார்ன், ரெட் லேடி பப்பாளி எல்லாமே மரபணு மாற்றியவை, சாப்பிட்டால் இது வரும் அது வரும் என்று ஒரு அம்மா பேசுகிறார். முழுதாக நம்பவும் முடியவில்லை, தள்ளிவிடவும் முடியவில்லை. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

சரி, காய்கறியையாவது மொட்டைமாடியில் நாமே போட்டுக்கொள்வோம் என்று விதை வாங்கப் போனேன். கத்திரி பாக்கெட்டில் 'எஃப்1 ஹைப்ரிட்' என்று போட்டிருக்கிறது. பிரித்துப் பார்த்தால் விதை ரோஸ் கலரில் இருக்கிறது! விதையே இப்படி என்றால் வீட்டில் வளர்த்து என்ன பிரயோஜனம்? மாற்றம் செய்யாத விதை எங்கே கிடைக்கும்? ஆடிப் பட்டத்துக்குள் போட்டுவிட ஆசை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வேளாண் தாத்தா எழுதியது:

அம்மா, முதலில் அந்த ரோஸ் கலர். அது சாயம். விதை மண்ணில் அழுகாமல் இருக்க திரம், கேப்டான் போன்ற பூஞ்சாணக் கொல்லியைப் பூசுவார்கள். மருந்து பூசிய விதை என்று தெரிய வேண்டும், யாரும் தின்றுவிடக் கூடாது என்பதற்காகவே அந்த நிறம். விதைத்த பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், பிள்ளைகளை அந்தப் பாக்கெட்டைத் தொட விடாதீர்கள். மரபணுவுக்கும் அந்த நிறத்துக்கும் சம்பந்தம் இல்லை.

எஃப்1 என்பது ஒட்டு விதை. இரண்டு வேறு கத்திரி ரகங்களை எடுத்து, ஒன்றின் மகரந்தத்தை மற்றதன் பூவில் வைத்து உண்டாக்கிய முதல் தலைமுறை. நல்ல காய்ப்பு இருக்கும். அதிலிருந்து விதை எடுத்துப் போட்டால் அடுத்த தலைமுறை ஒரே மாதிரி வராது; ஒரு செடி தாத்தாவைப் போலவும் ஒரு செடி பாட்டியைப் போலவும் நிற்கும். குறை அவ்வளவுதான். வெளி உயிரினத்தின் மரபணு எதையும் அதில் நுழைப்பதில்லை.

ரெட் லேடி தைவானில் உருவான ஒட்டுப் பப்பாளி. மரபணு மாற்றிய பப்பாளி உண்டு, ஆனால் அது ஹவாயில். அங்கே வளையப்புள்ளி வைரஸ் தோட்டங்களையே அழித்தபோது, 1998-இல் ரெயின்போ, சன்அப் என்ற ரகங்களைக் கொண்டுவந்தார்கள். விதையில்லாத தர்பூசணி குரோமோசோம் எண்ணிக்கையில் செய்த விளையாட்டு. நான்கு தொகுதி உள்ள செடியையும் இரண்டு தொகுதி உள்ள செடியையும் சேர்த்தால் மூன்று தொகுதியோடு வரும் பிள்ளைக்கு விதை பிடிக்காது. நம்மூர் ஸ்வீட் கார்னும் ஒட்டு ரகம்தான்.

இந்தியாவில் அரசு அனுமதியோடு வணிகமாகப் பயிராகும் மரபணு மாற்றுப் பயிர் பி.டி. பருத்தி ஒன்றுதான், 2002 முதல். பி.டி. என்பது மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா; அதன் மரபணுவை வைத்தால் புழுவைக் கொல்லும் புரதத்தைச் செடியே உண்டாக்கிக்கொள்ளும். பி.டி. கத்திரி வாசல் வரை வந்தது. மத்திய அரசின் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு 2009 அக்டோபரில் சரி என்றது. அப்போது சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த ஜெய்ராம் ரமேஷ் ஏழு ஊர்களில் பொதுமக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்டுவிட்டு, 2010 பிப்ரவரி 9 அன்று நிறுத்தி வைத்தார். அந்த நிறுத்தம் இன்றும் நீங்கவில்லை.

சந்தேகம் சாமி எழுதியது:

தாத்தா சொல்வதைக் கேட்டால் நிம்மதியாகப் போய்த் தூங்கலாம் போலிருக்கிறது. 2019-இல் ஹரியானா ஃபதேஹாபாத்தில் பி.டி. கத்திரி வயலில் நின்றது தெரியாதா? தடை செய்த பயிர் விவசாயி கையில் எப்படி வந்தது? களைக்கொல்லி தாங்கும் பருத்தி விதை அனுமதியே இல்லாமல் மாநிலம் மாநிலமாக விற்கிறது. 'அனுமதி இல்லை' என்பதும் 'இல்லை' என்பதும் ஒன்றா?

அப்புறம் எண்ணெய். பருத்தியில் 90 சதவீதத்துக்கு மேல் பி.டி. என்கிறார்கள். அந்தக் கொட்டையை ஆட்டிய எண்ணெய் குஜராத்தில் சமையல் எண்ணெய். அர்ஜென்டினா, பிரேசிலிலிருந்து கப்பல் கப்பலாக வரும் சோயா எண்ணெய் எந்தச் சோயாவிலிருந்து வருகிறது? அங்கே விளைவது பெரும்பாலும் மரபணு மாற்றியதுதானே. கத்திரியை மாடியில் வளர்த்துவிட்டு அதைப் பொரிக்க எந்த எண்ணெயை ஊற்றுவீர்கள்?

வேளாண் தாத்தா எழுதியது:

சாமி சொல்வதில் உண்மை இருக்கிறது. ஹரியானா விஷயம் நடந்ததுதான், செடிகளைப் பிடுங்கி அழித்தார்கள். எண்ணெயும் வருகிறது. ஆனால் சுத்திகரித்த எண்ணெயில் புரதமோ மரபணுவோ ஏறக்குறைய மிஞ்சுவதில்லை, கொழுப்புதான். அது பிடிக்கவில்லை என்றால் செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய், நல்லெண்ணெய் இருக்கவே இருக்கிறது. இந்தியாவில் கடலையோ எள்ளோ மரபணு மாற்று ரகம் கிடையாது. இறக்குமதியைப் பொறுத்தவரை, 2021 மார்ச் முதல் 24 உணவுப் பயிர்களுக்கு 'மரபணு மாற்றம் செய்யாதது' என்ற சான்று கேட்கிறார்கள். தவறிக் கலந்தால் 1 சதவீதம் வரை பொறுப்பார்கள்.

கரிசல் பெரம்பலூர் எழுதியது:

நான் பருத்தி போடுகிற ஆள். இங்கே பேசுகிற பலர் பி.டி. செடியைப் பார்த்திருக்க மாட்டீர்கள், அதனால் சொல்கிறேன்.

பி.டி. வந்த புதிதில் பச்சைக் காய்ப்புழுத் தொல்லை நிஜமாகவே விட்டது. அதற்கு முன் எங்கள் அப்பா தோளில் தெளிப்பானை மாட்டினால் இறக்கவே மாட்டார். அது குறைந்தது. ஆனால் புழுவுக்கு அடித்த மருந்து நின்றதும் தத்துப்பூச்சி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சி என்று சாறு உறிஞ்சுகிறவை கிளம்பின. அதற்கு வேறு மருந்து. பிறகு இளஞ்சிவப்புக் காய்ப்புழு பி.டி.க்கே பழகிக்கொண்டது. குஜராத்தில் முதல் தலைமுறை பி.டி.யை அது தாங்கிவிட்டது என்று விதை விற்ற கம்பெனியே 2010-இல் ஒத்துக்கொண்டது. அதன்பின் இரண்டு மரபணு வைத்த விதையும் பல இடங்களில் தோற்றது. வயலைச் சுற்றி ஐந்து வரிசை சாதாரணப் பருத்தி போட வேண்டும், புழு பழகாமல் இருக்கும் என்று பாக்கெட்டோடு தனி விதை கொடுத்தார்கள். அதை எங்கள் பக்கம் யாரும் ஒழுங்காகப் போட்டதில்லை. இருக்கிற காணியில் பாதிக் காசு வராத செடியை எவன் போடுவான்?

இதில் விஷம், கேன்சர் என்று நான் எதுவும் பார்க்கவில்லை. வருஷா வருஷம் விதைக்குக் கடைக்காரனிடம் நிற்கிறேன், அதுதான் பார்த்தது. தாத்தா திட்டுவார் என்றாலும் சொல்கிறேன், அதற்குக் காரணம் பி.டி. மட்டும் இல்லை, இங்கே வந்த பி.டி. எல்லாம் ஒட்டு விதையாகவே வந்ததுதான்.

தாம்பரம் அக்காவுக்கு ஒரு விஷயம். நீங்கள் பயப்பட வேண்டியது மரபணுவுக்கு இல்லை. சந்தைக் கத்திரிக்கு மருந்து எத்தனை தடவை அடிக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். தண்டையும் காயையும் துளைக்கிற புழு உள்ளே போய்விட்டால் எந்த மருந்தும் தொடாது. அதனால் உள்ளே போவதற்கு முன்பே, வாரத்துக்கு இரண்டு தடவைகூட அடிப்பார்கள். சாயங்காலம் மருந்து, மறுநாள் காலையில் காய் பறிப்பு, அடுத்த நாள் உங்கள் சாம்பாரில். எல்லோரும் அப்படி இல்லை. ஆனால் ஓட்டை விழுந்த காயை ஏலக்கடையில் ஒருவரும் தொடமாட்டார்கள், நீங்களும் வாங்கமாட்டீர்கள்.

சந்தேகம் சாமி எழுதியது:

அண்ணே, நீங்கள் சொல்கிற இதே காரணத்துக்காகத்தானே பி.டி. கத்திரியைக் கொண்டுவந்தார்கள்? வங்கதேசத்தில் 2014 முதல் விவசாயிகள் போடுகிறார்கள். மருந்தடிப்பு குறைந்திருக்கிறது என்று ஆய்வுகள் வந்திருக்கின்றன. அப்படியானால் மருந்து அடித்த நாட்டுக் கத்திரியைவிட மருந்து அடிக்காத பி.டி. கத்திரி மேல் என்று ஆகாதா? இயற்கை விவசாயம் செய்கிறவர்களே பி.டி. பாக்டீரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளிக்கிறார்கள். பாட்டிலில் இருந்தால் இயற்கை, செடிக்குள் இருந்தால் விஷமா? நான் யார் பக்கமும் இல்லை, கேட்கிறேன்.

விதைப்பை எழுதியது:

கேள்வி நல்ல கேள்விதான் சாமி. தெளிக்கிற பாக்டீரியா வெயிலில் சில நாளில் செயலிழந்துவிடும், தேவைப்படும் செடிக்கு மட்டும் அடிக்கிறோம். செடிக்குள் வைத்தால் வேரிலிருந்து காய் வரை எல்லா நாளும் அந்தப் புரதம் இருக்கிறது. புழு சீக்கிரம் பழகுவதற்கு அதுவும் ஒரு காரணம், பெரம்பலூர் அண்ணன் பருத்தியில் பார்த்தது அதைத்தான்.

ஆனால் என் எதிர்ப்பு சாப்பாட்டுத் தட்டிலிருந்து தொடங்கவில்லை. கத்திரி நம் மண்ணின் பயிர். எங்கள் வேலூர்ப் பக்கம் இலவம்பாடி முள் கத்திரி இருக்கிறது, காம்பெல்லாம் முள். எண்ணெய்க் கத்திரி செய்தால் அந்த ருசி வேறெதிலும் வராது. 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இப்படி ஊருக்கு ஒரு கத்திரி. வேலியோரம் காட்டுக் கத்திரி உறவுகளும் நிற்கின்றன. தேனீயும் வண்டும் ஒரு தோட்டத்து மகரந்தத்தை அடுத்த தோட்டத்துக்குக் கொண்டுபோகும். ஒருமுறை கலந்தால் திரும்ப எடுக்க முடியாது என்பதுதான் அன்றைக்கு இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஐயாவும் மற்றவர்களும் ஊர் ஊராகப் போய்ச் சொன்னது. 2010-இல் நிறுத்தி வைத்ததற்குச் சொன்ன காரணங்களிலும் கத்திரியின் பிறப்பிடம் இந்தியா என்பது உண்டு.

இன்னொன்று, பி.டி. வைக்கத் தேர்ந்தெடுத்த கத்திரியில் கோயம்புத்தூர் வேளாண் பல்கலையின் ரகங்களும் இருந்தன. கோ 2, எம்.டி.யு. 1, கே.கே.எம். 1, பி.எல்.ஆர். 1. இவை ஒட்டு ரகம் இல்லை, விவசாயி விதை எடுத்து வைக்கக்கூடியவை. ஏழை விவசாயிக்கு உதவும் என்று அவர்கள் சொன்னார்கள், கலப்பு இன்னும் வேகமாகப் பரவும் என்று நாங்கள் சொன்னோம். இந்தச் சண்டை இன்னும் தீரவில்லை. மரபணு மாற்றுக் கடுகு விஷயத்தில் பாருங்கள், 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகளே ஆளுக்கொரு தீர்ப்பு எழுதினார்கள்.

தாம்பரம் மாடி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தலை சுற்றுகிறது, ஆனால் பயம் குறைந்திருக்கிறது. அந்தக் குரல் பதிவை அனுப்பியவருக்குத் தாத்தாவின் பதிலை அப்படியே அனுப்பிவிட்டேன், 'உங்களுக்கு என்ன தெரியும்' என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். போகட்டும்.

விதைப்பை அக்கா, இணையத்தில் நாட்டு விதை என்று தேடினால் ஊதாத் தக்காளி, நீலத் தக்காளி எல்லாம் வருகிறது. அதெல்லாம் நாட்டு விதையா?

சான் ஹோசே தோட்டம் எழுதியது:

ஊதாத் தக்காளி பற்றி நான் சொல்லலாமா? இங்கே அமெரிக்காவில் இருபது வருஷத்துக்கு மேலாக ஒவ்வொரு விதைப் பாக்கெட்டிலும் 'ஜி.எம்.ஓ. அல்ல', அதாவது மரபணு மாற்றியது அல்ல என்று அச்சடித்திருப்பார்கள். அதில் ஒரு வேடிக்கை உண்டு. வீட்டுத் தோட்டக்காரருக்கு மரபணு மாற்றிய காய்கறி விதையை அதுவரை யாரும் விற்றதே இல்லை. இல்லாத ஒன்றை இல்லை என்று சொல்லியே வியாபாரம்.

2024 பிப்ரவரியில் அது மாறியது. ஸ்நாப்டிராகன் பூச்செடியிலிருந்து மரபணு எடுத்து வைத்த ஊதாத் தக்காளியை வீட்டுத் தோட்டத்துக்கே விற்க ஆரம்பித்தார்கள். வெட்டினால் சதையும் ஊதாவாக இருக்கும். சாதாரணமாகக் கலப்பு செய்து கொண்டுவந்த ஊதாத் தக்காளிகளில் தோல் மட்டும்தான் கருத்திருக்கும். மரபணு மாற்றம் என்பதை அவர்கள் மறைக்கவில்லை, அதையே பெருமையாகச் சொல்லி விற்கிறார்கள். நான் போட்டதில்லை, பக்கத்துத் தோட்டக்காரர் போட்டார், பிள்ளைகளுக்கு நிறம் பிடித்திருந்தது.

இணையத்தில் ஊதா, நீலம் என்று நூறு ரூபாய்க்கு இருபது விதை விற்கிறார்களே, அதில் பாதி சாதாரணச் சிவப்புத் தக்காளியாக முளைக்கும். நீல ஸ்ட்ராபெர்ரி விதை விற்றவர்களும் இருக்கிறார்கள், அப்படி ஒரு செடியே கிடையாது.

விதைப்பை எழுதியது:

சான் ஹோசே தம்பி சொன்னதை நம்மூர் 'நாட்டு விதை' பாக்கெட்டுக்கும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒட்டு விதையைச் சாயம் கழுவி நாட்டு விதை என்று கொடுத்த ஆளிடம் நானே வாங்கியிருக்கிறேன். விதைத் திருவிழாக்களுக்குப் போய், வளர்த்தவரிடமே பேசி வாங்குங்கள். எந்த ஊர் ரகம், எப்போது விதை எடுத்தது என்று கேட்டால் உண்மையானவர் கதை கதையாகச் சொல்வார். திருத்துறைப்பூண்டி நெல் திருவிழா நெல் ஜெயராமன் ஐயா தொடங்கியது, அங்கே நெல்தான் பிரதானம். காய்கறி விதைக்கென்று மாவட்டம் தோறும் சின்னச் சின்னச் சந்திப்புகள் நடக்கின்றன.

நாட்டு ரகமே வேண்டும் என்ற பிடிவாதம் இல்லை என்றால், கடலூர் பாலூரில் வந்த பி.எல்.ஆர். கத்திரி, பெரியகுளம் பி.கே.எம். 1 தக்காளி, வெண்டையில் அர்கா அனாமிகா எல்லாம் ஒட்டு அல்லாத ரகங்கள். விதை எடுத்து அடுத்த வருஷம் போடலாம், அதே செடி வரும். இவற்றை இயற்கை ஆர்வலர்கள் சிலர் ஒதுக்குவது எனக்குப் புரிவதில்லை.

கத்திரியில் விதை எடுக்க, நல்ல செடியில் இரண்டாவது மூன்றாவது சுற்றில் வரும் வடிவான காயில் ஒன்றிரண்டைப் பறிக்காமல் விடுங்கள். மஞ்சளாகி, தோல் சுருங்கும்வரை செடியிலேயே இருக்கட்டும். பறித்து ஒரு வாரம் வைத்துவிட்டு, அறுத்து, தண்ணீரில் பிசைந்தால் நல்ல விதை அடியில் தங்கும், பதர் மிதக்கும். நிழலில் காயவைத்து, சாம்பலில் புரட்டி, காற்றுப் புகாத பாட்டிலில் போட்டுத் தேதி எழுதுங்கள். தக்காளி என்றால் வழுவழுப்போடு இரண்டு நாள் புளிக்கவிட்டுக் கழுவ வேண்டும்.

இரண்டு வகைக் கத்திரியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கலந்துவிடும். கத்திரிப் பூ தனக்குத் தானே பிடிக்கும், ஆனாலும் வண்டு வரும். மொட்டாக இருக்கும்போதே மெல்லிய துணிப்பையைக் கட்டிவிடுங்கள், காய் பிடித்ததும் எடுத்துவிட்டு, அந்தக் காம்பில் நூல் கட்டி அடையாளம் வையுங்கள். சுரை, பீர்க்கு, பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. சுரையும் பீர்க்கும் சாயங்காலம் மலரும், பூசணி விடிகாலையில். எது எப்போது மலரும் என்று தெரிந்துகொண்டு கையால் மகரந்தம் வையுங்கள்.

வாடகை வீட்டுக்காரன் எழுதியது:

ஒட்டு ரகத்து விதையை எடுத்துத் தோழிக்குக் கொடுத்தால் சட்டப்படி தப்பா? குஜராத்தில் தன் ரக உருளைக்கிழங்கைப் போட்டார்கள் என்று விவசாயிகள் மேல் பெப்சி கம்பெனி வழக்குப் போட்டதே.

வேளாண் தாத்தா எழுதியது:

தப்பில்லை. 2001-ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், 39-ஆவது பிரிவு. பாதுகாக்கப்பட்ட ரகமாகவே இருந்தாலும் விவசாயி விதையை எடுத்து வைக்கலாம், விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கவும் செய்யலாம். அந்த ரகத்தின் பெயர் அச்சடித்த பாக்கெட்டாக விற்கக் கூடாது, அவ்வளவுதான். அந்த உருளைக்கிழங்கு வழக்கை 2019-இல் கம்பெனியே திரும்பப் பெற்றது.

கரிசல் பெரம்பலூர் எழுதியது:

தண்டு துளைப்பானுக்கு மாடியில் என்ன செய்வீர்கள் என்று யாரும் சொல்லவில்லையே? குருத்து வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது என்று அர்த்தம். வாடிய இடத்துக்குக் கொஞ்சம் கீழே கத்தரித்து நசுக்கிவிடுங்கள், செடியடியில் போடாதீர்கள். ஓட்டை விழுந்த காயையும் அதே மாதிரி. இனக்கவர்ச்சிப் பொறி ஒன்று கட்டினால் ஆண் அந்திப்பூச்சி விழும். நாலு செடிக்குக் கொசுவலை மாதிரி நைலான் வலை போட்டால் இன்னும் சுலபம். வேப்பெண்ணெயைக் காதி சோப்புத் தண்ணீரில் கரைத்துச் சாயங்காலம் அடியுங்கள், மாவுப்பூச்சிக்கும் கேட்கும். நாங்கள் ஏக்கர் கணக்கில் இதைச் செய்ய முடியாது, ஆள் கூலி கட்டாது. நீங்கள் செய்யலாம்.

சந்தேகம் சாமி எழுதியது:

கடைசியாக ஒரு குறும்பு. மாடியில் கத்திரியும் கீரையும் வரும். அரிசி? 2025 மே மாதம் மத்திய வேளாண் அமைச்சர் இரண்டு நெல் ரகங்களை அறிவித்தார். மரபணுத் திருத்தம் செய்தவை. அதில் 'கமலா' என்பது நம்மூரில் பி.பி.டி. என்று சாப்பிடுகிறோமே, அந்தச் சம்பா மசூரியிலிருந்து வந்தது. வெளி மரபணு நுழைக்கவில்லை, நெல்லின் சொந்த மரபணுவிலேயே ஒரு திருத்தம், அதனால் பழைய விதிகள் பொருந்தாது என்று 2022-லேயே விலக்கு கொடுத்துவிட்டார்கள். நாளைக்கு அது மூட்டையில் வந்தால் உங்களுக்குத் தெரியுமா?

விதைப்பை எழுதியது:

தெரியாது. அதனால்தான் மூட்டையில் எழுத வேண்டும் என்று கேட்கிறோம். திருத்தம் செய்ததில் ஆபத்து இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. எது என்று எழுதினால் வாங்குகிறவர் முடிவு செய்துகொள்வார். அரிசியை மாடியில் விளைவிக்க முடியாது, அதற்கு நான் நேரே ஒரு விவசாயியிடம் தூயமல்லி வாங்குகிறேன். விலை அதிகம்தான். எல்லோராலும் முடியாது என்பதும் தெரியும்.

வேளாண் தாத்தா எழுதியது:

இதில் எனக்கும் விதைப்பை அம்மாவுக்கும் கருத்து வேற்றுமை உண்டு, வேறு இழையில் வைத்துக்கொள்வோம். பெயர் எழுத வேண்டும் என்பதில் மட்டும் ஒத்துப்போகிறேன்.

வாடகை வீட்டுக்காரன் எழுதியது:

நடைமுறைக் கேள்வி. வீட்டுக்காரர் மாடி ஒழுகும் என்று பயப்படுகிறார். நான்கு பேர் வீட்டுக்குக் காய் வாங்காமல் இருக்க எத்தனை பை வேண்டும்?

விதைப்பை எழுதியது:

காய் வாங்காமல் இருக்க முடியாது தம்பி, அப்படிச் சொல்லி விற்கிறவர்களை நம்பாதீர்கள். கீரை, பச்சைமிளகாய், கறிவேப்பிலை, கொத்தமல்லி, புதினா இவைதான் மாடிக்கு உண்மையில் கட்டுப்படியாகும். மருந்து அதிகம் ஏறுகிற சாமான்களும் இவைதான். கத்திரி, வெண்டை, தக்காளி வாரத்துக்கு இரண்டு மூன்று வேளைக்கு வரும். வெங்காயம், உருளைக்கு இடத்தை வீணாக்காதீர்கள்.

ஒழுகலுக்கு, பைகளைத் தரையில் நேராக வைக்காமல் செங்கல் மேல் அல்லது இரும்புத் தாங்கியில் வையுங்கள், அடியில் தண்ணீர் ஓடட்டும். வெறும் செம்மண் போட்டால் கனம். தென்னை நார்க்கழிவைப் பாதியாவது கலந்து, மண்புழு உரமும் ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கும் சேர்த்தால் பை இலேசாக இருக்கும். நார்க்கழிவை நன்றாகக் கழுவி உப்பு நீக்கிய பிறகே கலக்க வேண்டும். கனமான பைகளைச் சுவரோரமாக, கீழே தூண் இருக்கும் பக்கம் வையுங்கள், நடு மாடியில் குவிக்காதீர்கள்.

தாம்பரம் மாடி எழுதியது:

அக்கா, முள் கத்திரி விதை கொஞ்சம் கிடைக்குமா? அஞ்சல் செலவு நான் கொடுத்துவிடுகிறேன். அந்த ரோஸ் விதையைத் தூக்கிப் போடவும் மனசு இல்லை, இரண்டு பையில் போட்டுப் பார்க்கலாமா?

விதைப்பை எழுதியது:

தாராளமாகப் போடுங்கள், நன்றாகக் காய்க்கும். முள் கத்திரிப் பூவுக்கு மட்டும் துணிப்பை கட்ட மறக்காதீர்கள். முகவரியைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள், இங்கே பொதுவில் போட வேண்டாம். ஆடி பிறப்பதற்குள் வந்துவிடும்.